நவரைக்குச் சுமந்த கடல்தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில், பூனா கோர்படி ரயில்வே குடியிருப்பில், எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு நவரை மீன் இருந்தது. குழம்பில் அல்ல, கண்ணாடித் தொட்டியில், உயிரோடு. தூத்துக்குடியிலிருந்து வந்த என் மச்சினன், பொரித்துத் தின்ன வேண்டியதைப் பொத்திப் பொத்தி வளர்க்கிற கூத்தை இங்கேதான் பார்க்கிறேன் என்று கேலி செய்தான். அவனுடைய அக்காள் காலையில் கட்டிலைவிட்டு எழுவதே அந்த மீனுக்காகத்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

இரண்டாவது பிள்ளையும் வயிற்றில் தங்காமல் போனபின் என் மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து ஒருநாள் நிறுத்திவிட்டாள். எல்லாம் சரியாகிவிடும் என்று தினமும் சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லாத சொல். ஒரு மாறுதலுக்கு என்று அவளைப் பம்பாய்க்குக் கூட்டிப் போனேன். அங்கே வண்ணமீன் கடையில் விரல் நீள நவரை ஒன்று, தாடைக்கடியில் இருந்த இரண்டு மஞ்சள் மீசைகளால் மணலைத் துழாவித் துழாவி இரை தேடிக்கொண்டிருந்தது. அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இத வீட்டுக்குக் கொண்டுட்டுப் போவமா?" என்றாள். மாதக்கணக்கில் அவள் வாயைத் திறந்து கேட்ட முதல் பொருள். கடலையே கேட்டிருந்தாலும் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அதன்பின் தினமும் எழுந்தாள். இறாலை அரிசி அளவுக்கு நறுக்கி விரல்நுனியில் வைத்து நீட்டுவாள். மீன் வந்து மீசையால் அவள் விரலைத் தடவிப் பார்க்கும். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக நான் எந்த வேலையும் செய்வேன் என்ற நிலையில் இருந்தேன்.

செய்தேன். பூனா வெயிலில் தொட்டித் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு விரல் வற்றும். எனக்குப் பம்பாய் ரயிலில் கார்டு வேலை. அங்கே போகும்போதெல்லாம் கடற்கரையில் இரண்டு கேன் மொண்டு, நான் வரும் கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் ஏற்றிக் கொண்டுவந்து, வற்றிய அளவுக்கு ஊற்றுவேன். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு சேர்த்ததில்லை. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

சித்திரையில் மீன் மூலையில் ஒதுங்கியது. செவுள் படபடவென்று அடித்தது. மீசையை மடக்கிக்கொண்டு மணலைத் தொடாமல் கிடந்தது. வெயிலுக்குச் சோம்பிப் படுத்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். கடல் போதவில்லை என்று முடிவுகட்டி மூன்றாவது கேனும் கொண்டுவந்து ஊற்றினேன்.

அடுத்த முறை பம்பாயில் கடைக்காரரிடம் ஓடினேன். நான் சொன்னதைக் கேட்டு அவர் டீயைக் கீழே வைத்தார். வற்றிப் போவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே இருக்கும், குறைந்த இடத்தில் நல்ல தண்ணீர்தானே ஊற்ற வேண்டும் என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார்.

நான் உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். கடல்தண்ணீரைப் பாத்தியில் விட்டு, காயக் காய மேலும் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். மடையன், அதையேதான் முன்னறையில் செய்துகொண்டிருந்தேன்.

சட்டென்று மாற்றினால் மீன் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாக மாற்று என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து டம்ளர் டம்ளராக உப்புத் தண்ணீரை எடுத்து நல்ல தண்ணீரை ஊற்றினேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தொட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் மதியம் மீன் மணலில் சாய்ந்து கிடந்தது. அவள் அதை உள்ளங்கையில் எடுத்தாள்.

"நான் தொட்டது ஒண்ணும் தங்காது," என்றாள். அழவில்லை.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கேன், உப்பு, கடைக்காரர் சொன்னது எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டிவிட்டேன். கொன்றவன் நான்தான், உன் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று கெஞ்சினேன். நம்பாவிட்டால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார் என்றேன். வைத்துப் பார்த்தாள். மூன்று நாள் நல்ல தண்ணீர் ஊற்றியதில் கூடுதல் கரிப்பெல்லாம் போய், அது எங்கள் ஊர்க் கடலைப்போலத்தான் கரித்தது.

"எனக்காவ ஏன் இப்பிடிப் பொய் சொல்லுதீங்க?" என்றாள்.

மீனை என் கையில் வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.