நடக்காத என் கலியாணமும் அக்காவின் பயிற்சி விலக்கும்

ரயிலில் எவராவது பின்னாலிருந்து தொண்டையைச் செருமினால் இன்றைக்கும் என் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடுகிறது. சின்னச் செருமல்தான். சரளைக்கல்லில் சைக்கிள் சில்லு ஒருதரம் உருண்டு நின்றதுபோல. ஒரு குளிர்காலம் முழுக்க அந்தச் சத்தம் என் காருக்குள், எனக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்தது. சிவப்பு விளக்குக்கு ஒரு செருமல், பச்சைக்கு ஒரு செருமல். கண்ணாடியில் மழை. பக்கத்தில் அக்கா.

நான் கார் ஓட்டப் பழக்குகிறவன். பெற்றோல் நிலையம், மரக்கறிக் கடை, பார்சல் வான் என்று ஒன்றிலும் கால் தரிக்காமல், கால் தரிக்கவே தேவையில்லாத ஒரு தொழிலுக்கு வந்து சேர்ந்தவன். கலியாணமும் கட்டவில்லை. அக்கா வேறு ரகம். அத்தானைக் கட்டி, தலை நரைத்த பிறகும் ஒரே சட்ட அலுவலகத்தில் இருப்பவர். அந்தக் குளிர்காலத்துக்கு இரண்டு வருடங்களுக்கு முன்புதான் குடிவரவு மேன்முறையீடுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் பகுதிநேர நீதிபதியானார். மாதத்தில் சில நாள் அலுவலகத்தை விட்டுவிட்டு அங்கே போய் உட்காருவார். அந்த நாட்களில் அவருடைய நடையே வேறு. எங்கள் வீட்டுப்பக்கத்து ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷன் படிகளில் இறங்கும்போது எதையோ நிறைகுடமாகச் சுமந்து போகிறவர்போல இறங்குவார்.

நீதிபதிகளும் படிக்கவேண்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. வருடத்துக்கு ஒருதரம் இரண்டு நாள் கட்டாயப் பயிற்சி. ஏதோ ஒரு ஊர் ஹோட்டலில் எல்லோரையும் கூப்பிட்டு, புதுச் சட்டம், புதுத் தீர்ப்பு, சாட்சியை எப்படிக் கேட்பது என்று வகுப்பு எடுப்பார்கள். வராவிட்டால் வழக்குத் தரமாட்டார்கள். தக்க காரணம் இருந்தால், பயிற்சிக்குப் பொறுப்பான மூத்த நீதிபதி விலக்குத் தருவார்.

அந்த வருடம் அக்காவின் தொண்டையில் ஒரு கட்டி. வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றார்கள். குரல் நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆனாலும் பெரும்பாலும் குரலுக்கு ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர். பெரும்பாலும். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய் வந்தது நான்தான். அந்தச் சொல்லை அக்கா என் காருக்குள் கொண்டுவந்து, சீட் பெல்ட்டைப்போலக் குறுக்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒப்பரேசனுக்குக் கொடுத்த நாள், பயிற்சியின் இரண்டாம் நாள்.

ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தில் அக்கா சொன்னார்.

"பயிற்சிக்கு விலக்குக் கேட்டு போன் பண்ணிட்டன்."

"நல்லது. ஒப்பரேசன் எண்டு சொன்னனீங்கள்தானே?"

ஒரு செருமல்.

"இல்லை. கலியாணம் எண்டு சொன்னனான்."

"ஆற்ற கலியாணம்?"

வைப்பர் இரண்டுதரம் போய் வந்தது.

"உன்ர."

"என்ர? எனக்குச் சொல்லாமலோ?"

"வாயில அதுதான் வந்துது. நான் என்ன செய்ய?"

"பொம்பிளை ஆர் அக்கா? அதையாவது சொல்லுங்கோ, நான் ஒரு நல்ல உடுப்பு எடுக்கவேணும்."

"விசர்க்கதை கதையாதை."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது எப்படி வாயில் வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் நோயாளிகள் எல்லோரும் கலியாணத்துக்குப் போனவர்கள். மாமாவுக்கு நெஞ்சைத் திறந்தபோது அவர் கனடாவில் கலியாண வீட்டில் நின்றார். சின்னம்மா கீமோ எடுத்த மாதங்களில் பாரிஸில் தொடர்ந்து கலியாணம். வருத்தம், நோய் என்று வாய்விட்டால் கடையில் முருங்கைக்காய்க்குக் காசு கொடுத்து முடிப்பதற்குள் நகரத்தின் மறுகோடியில் இருக்கிற பிளேஸ்டோவரைக்கும் கதை போய்விடும். கலியாணம் என்றால் எவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். எங்கள் ஆட்கள் மாட்டார்கள்.

"தொண்டை எண்டு எப்பிடியடா சொல்லுறது?" என்றார் அக்கா. "வந்து ரெண்டு வருசம். குரல் இல்லாத நீதிபதியை வைச்சு என்ன செய்யிறது எண்டு யோசிக்கமாட்டினமோ?"

அடுத்த கிழமை மூத்த நீதிபதியே கூப்பிட்டாராம். மனமார வாழ்த்தினாராம். ஆனால் பயிற்சித் தேதி எப்போதோ அறிவிக்கப்பட்டது, கலியாணத்துக்கு விலக்குத் தர வழியில்லை, வராவிட்டால் அடுத்த பயிற்சிவரை வழக்குத் தரமுடியாது என்றாராம். அதைச் சொல்லும்போது அக்காவின் முகம் சோற்றுக்கஞ்சிபோல வெளிறியிருந்தது. பயிற்சிக்குப் போனால் ஒப்பரேசன் தள்ளிப்போகும். போகாவிட்டால் நீதிபதிக் கதிரை போய்விடும்.

"உண்மையைச் சொல்லுங்கோவன்."

"இனி உண்மையைச் சொன்னா முதல் சொன்னது பொய் எண்டும் சொல்லவேணும். பொய் சொன்ன நீதிபதியடா நான்." கையுறையைக் கழற்றினார், திரும்பப் போட்டார். "எனக்கு முன்னாலை இருக்கிற சனத்திட்டை நான் கேக்கிற கேள்வி தெரியுமே? இதை ஏன் முதலே சொல்லேல்லை? ஒருத்தரும் ஒழுங்கான பதில் சொன்னதில்லை. கீழை பாத்துக்கொண்டு இருப்பினம். நான் எழுதிக்கொண்டு இருப்பன்."

அக்காவை வீட்டில் இறக்கிவிட்டேன். பின்னேரம் ஒரு மாணவிக்கு ரவுண்டபவுட் பழக்கினேன். அவள் வெளியேறும் தெரு தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். நானும் திருத்தாமல் சுற்றினேன். ஏதாவது ஒரு தெருவில் வெளியேறித்தானே ஆகவேண்டும்.

மறுநாள் அக்கா கூப்பிட்டார். "இப்ப வா. வீட்டிலை இருந்து கதைக்க ஏலாது. அத்தான் பக்கத்திலை நிண்டா நான் அழுதிடுவன். நீ எண்டால் பரவாயில்லை, உனக்கு முன்னாலை அழுதா நீ நக்கலடிப்பாய்."

எல் போர்டு போட்ட என் காரைக் கடைத்தெரு ஓரமாக நிறுத்தினேன். வெளியே வாழைப்பூவை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா மூத்த நீதிபதிக்கு எடுத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தார். செருமினார். அவருடைய இங்கிலீஷ் தீர்ப்பு வாசிக்கிற இங்கிலீஷ், ஒரு சொல்லிலும் தூசி இருக்காது. அன்றைக்கு அது குழந்தையின் இங்கிலீஷாக இருந்தது. கலியாணம் இல்லை, என்றார். கலியாணம் ஒருபோதும் இருந்ததில்லை. என் கழுத்தில் ஒரு கட்டி. பயிற்சியின் இரண்டாம் நாள்தான் வெட்டுகிறார்கள். பயத்தில் பொய் சொன்னேன். மன்னிக்கவேண்டும்.

வாழைப்பூக்காரர் பெட்டியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

பிறகு மூத்த நீதிபதியான வெள்ளைக்காரப் பெண்மணியின் குரல் வந்தது. முதலில் கேட்டது, உங்களுடன் யாராவது இருக்கிறார்களா? தம்பி இருக்கிறான் என்றார் அக்கா. நல்லது, என்றது குரல். இரண்டு நாளுக்கும் உங்களுக்கு விலக்கு. சுகமான பிறகு கணினியில் அரை நாள் இருந்து படித்தால் போதும். உங்கள் வழக்குகள் உங்களுக்காக நிற்கும். நீங்கள் முதலில் சொன்னதை நான் மறக்கப்போவதில்லை, நீங்களாகவே திருத்தியதையும் மறக்கமாட்டேன். இனி இப்படி ஏதும் வந்தால் விஷயத்தையே சொல்லுங்கள். கொஞ்சம் நிறுத்தி, மாப்பிள்ளைக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள், என்றது.

அக்கா சிரித்தார். அழுதார். செருமினார். எது எது என்று பிரிக்க முடியவில்லை. பின்னால் ஒரு பஸ் நீட்டி ஹோர்ன் அடித்தது. நான் நிறுத்தியிருந்தது பஸ் நிற்கும் இடம். "நீ பழக்கிற பிள்ளையள் பாவம்" என்றார் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. ஜன்னலை இறக்கினேன். ஈரக் காற்றும் மீன் கடை வாசமும் கறிவேப்பிலையும் ஒன்றாக உள்ளே விழுந்தன. குளிர்காலம் முழுக்க நாங்கள் அந்தக் கண்ணாடியை இறக்கவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒப்பரேசன் முடிந்து அக்காவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். தாதி பெயரைச் சொல்லச் சொன்னபோது, அத்தானும் நானும் ஆளுக்கொரு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். உதடு அசைந்தது. உப்புத்தாள் உரசுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு அதற்குள்ளிருந்து பெயர். எந்தப் பாட்டுக்கும் நான் அப்படிக் காது கொடுத்ததில்லை. சோதனை முடிவு பிறகு வந்தது. கெட்ட கட்டி இல்லை. அத்தான் போனை என் கையில் தந்துவிட்டுப் பின்வளவுக்குப் போய், மழைக்குள் குப்பைப் பெட்டிகளை ஒழுங்காக அடுக்கினார்.

அரை நாள் படிப்பை அக்கா குசினி மேசையில் படித்தார். நான் தேத்தண்ணி வைத்துக்கொண்டு கேட்டேன். நோயை ஒளிக்கிற சாட்சியை எப்படிக் கேட்பது என்று திரையில் யாரோ நேரடி வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா கையை உயர்த்தி, புதுக் கரகரப்புக் குரலில், எனக்கு இதில் ஒன்று சொல்ல இருக்கிறது என்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

திரும்ப வழக்குக்குப் போன முதல் நாள் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டேன். கழுத்தில் ஒரு பட்டுச் சால்வை. மழை இல்லை.

"தொண்டை நோகுதோ அக்கா?"

"இல்லை." கதவைச் சாத்திவிட்டு, திறந்திருந்த ஜன்னலுக்குள் குனிந்தார். "உன்ர கலியாணம் ஒத்திவைச்சுத்தான் இருக்கு, தள்ளுபடி ஆகேல்லை, சொல்லிப்போட்டன். சரி, போட்டு வாறன்."