அக்காவின் அண்டாவில் நான் போட்ட உப்பு

இந்த நினைவு மலரை, பந்தி முடிந்து எல்லோரும் கை கழுவிய பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். காரணம் படித்தால் தெரியும். எங்கள் அக்காவின் தலைத்திவசத்துக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் உப்பளத்து மக்களுக்கும் வணக்கம். ஆறாம் வகுப்போடு நின்ற தம்பி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பிறந்தது பொம்மையார்பாளையம். அப்பாவுக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தோம். அக்கா பன்னிரண்டு வயதிலேயே உப்புக்கூடை தூக்கத் தொடங்கிவிட்டார். பாதம் வெடித்து, வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கி எரிந்தாலும் வேலைக்குப் போகாமல் இருக்க மாட்டார். மாமாவைக் கைப்பிடித்த பிறகும் அப்படித்தான். பஸ் நிற்கும் இடத்தில் எனக்கு டீக்கடை வைத்துக் கொடுத்ததும் அக்காதான். நானோ சின்ன வயதிலிருந்தே பயந்தவன். பால் திரிந்துவிடுமோ, கடைமேல் லாரி ஏறிவிடுமோ என்று எதற்கும் கவலைப்படுவேன். “டேய், உன் கவலைய கூடையில அள்ளினா நாலு லாரி லோடு வரும்டா” என்று சிரிப்பார்.

கோடையில் பள்ளிக்கூடம் மூடினால் பிள்ளைகளுக்கு மதியச் சத்துணவும் இல்லை. உப்பு வாருகிற காலமும் அதுதான். பெற்றவர்கள் விடிவதற்கு முன் உப்பளத்தில் இறங்கினால் வெயில் ஏறிய பிறகே வீடு திரும்புவார்கள். 2004 மே மாதம், பக்கத்து வீட்டுச் சிறுமி தன் தம்பிக்காகக் கஞ்சி வடிக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டாள். அவள் கைக்கு மருந்து போட்டுவிட்டு வந்த அக்கா, மறுநாளே உப்பளத்து ஓரம் சும்மா கிடந்த கீற்றுக் கொட்டகையில் அடுப்பு மூட்டினார். மளிகைக்கடை பாய் அரிசி கொடுத்தார். கூட வேலை செய்த பெண்கள்தான் கேலி பேசினார்கள்.

“ஏங்க்கா, ஊர் வம்பு உனக்கு எதுக்கு?”

“வம்பு இல்லடி, சோறு. உன் புள்ளையயும் அனுப்பு.”

முதல் நாள் ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் நாற்பது ஆகிவிட்டது. காலை வியாபாரம் முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு நானும் சமைக்கப் போவேன்.

அடுத்த கோடைக்குள் சுனாமியில் கடல் உள்ளே வந்து போயிருந்தது. வரப்புகள் உடைந்து, குவித்து வைத்திருந்த பழைய உப்பெல்லாம் கரைந்துவிட்டது. பாத்தியிலிருந்து வாரிய உப்பை அப்படியே சமையலில் போடக்கூடாது. பல நாள் குவித்து வைத்து, கசப்புத் தண்ணீர் வடிந்த பிறகே போட வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றைக் கலக்கிவிடும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கொட்டகையில் உப்புப் பானை என் பொறுப்பு. அந்தக் கோடையில் ஒரு நாள் சாம்பார் கொதிக்கும்போது திறந்து பார்த்தால் பானை காலி. அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். கடைக்குப் போய்வர அரை மணி நேரம் ஆகும். அதற்குள் அக்கா வந்து திட்டுவாரே என்று பயந்தேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை. எதிர் வரப்பில் அன்று காலை வாரிய உப்பு ஈரத்தோடு கிடந்தது. அதை இரண்டு கை அள்ளி வந்து போட்டேன். உப்புப் போதவில்லை என்று இன்னொரு கையும் போட்டேன்.

மதியத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. சிலரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் மறுநாளே வீடு திரும்பினார்கள். அன்று சாயங்காலமே அக்கா மீதிச் சாம்பாரை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“டேய், ஏது இந்த உப்பு?”

“பானை காலியா இருந்துச்சுக்கா...”

“இன்னைக்கு வாரினதா?”

தலையை மட்டும் ஆட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். “வாயத் தொறக்காத. தெரிஞ்சா உன் கையால ஒருத்தன் டீ குடிக்க மாட்டான். உனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது” என்றார்.

அடுத்த நாள் தாய்மார்கள் கொட்டகை முன்னால் கூடிவிட்டார்கள். “புள்ளைங்கள கொல்லப் பாத்தியா? சாம்பார் கசந்துச்சுன்னு சொல்லுதுங்க. யாரு போட்டது அந்த உப்ப?” என்று ஒருவர் கத்தினார். “நான்தாம்மா. என் கைத்தவறு” என்று அக்கா கும்பிட்டார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவே இல்லை.

பத்து நாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. அக்காவுக்குப் ‘பேதிச்சோத்துக்காரி’ என்று பேர் வந்தது. அக்கா வீடு வீடாகப் போனார். “உங்க புள்ளைக்கு நீங்களே வந்து உப்பு போடுங்க. நான் அண்டாவ தொட மாட்டேன்” என்றார். கை சுட்டுக்கொண்ட சிறுமியின் தாய்தான் முதலில் வந்தார். அதன் பிறகு தினம் ஒரு தாய் முறை வைத்து உப்புப் போட்டார். பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள். பேர் மட்டும் போகவில்லை.

அந்த ஐப்பசி மழையில் அக்காவுக்குக் கால் வீங்கியது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உப்பில்லாத கஞ்சிதான் கொடுக்கச் சொன்னார்கள். “உப்பளத்துக்காரிக்கு உப்பு ஆவாதாம், கேட்டியா?” என்று அப்போதும் சிரித்தார்.

“அக்கா, நான் ஊர்ல சொல்லிடறேன். என்னால தாங்க முடியல.”

அக்கா கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். “சொல்லு. ஆனா எல்லாரும் சாப்ட்டு முடிக்கட்டும். பாதியில சொன்னா புள்ளைங்க எழுந்து போயிடும்” என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராம் நாள் கண் மூடினார்.

இந்த வருடக் கோடையில் நானும் மாமாவும் அடுப்பு மூட்டினோம். உப்புப் போட வந்த ஒரு தாய், “உங்க அக்கா கை மாதிரி உன் கையும் தவறிடப் போவுதுப்பா, பாத்து” என்றார். நான் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

இப்போது எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டீர்கள். தவறியது அக்காவின் கை இல்லை. என் கை.

அரிசி கொடுத்த பாய்க்கும், கொட்டகையை விட்டுக்கொடுத்த உப்பள முதலாளிக்கும், கோபம் இருந்தும் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பிய தாய்மார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்றைய பந்திக்கு உப்புப் போட்டவர் அன்றைக்கு முதலில் வந்த அந்தத் தாய்தான். நான் அண்டா பக்கம் போகவில்லை. வரும் கோடையிலும் அடுப்பை நான் மூட்டுகிறேன். உப்புப் போட நீங்கள் வந்துவிடுங்கள்.

நாளைக் காலை எப்போதும்போல் கடை திறந்திருக்கும். எவ்வளவு பால் வாங்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை.

— தம்பி