நச்சரித்து வாங்கிய சாவி

அன்பான இறைமக்களே, அழுது வரம் வாங்கியவர்கள் நிறையப் பேர் இங்கே பேசியிருக்கிறார்கள். நான் நச்சரித்து வாங்கியவள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எனக்கு ராயப்பன்பட்டி. 2004-இல் என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அப்போதுதான் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து முடித்திருந்தோம். கவாத்து வெட்டிய கொடிக்குத் தண்ணீர் பாயாவிட்டால் துளிர் வராது, தோட்டமே பட்டுப்போகும். கிணறு எங்களுக்கும் கொழுந்தனாருக்கும் பொது. மோட்டார் ரூம் சாவி மாமனாரின் அரைஞாண் கயிற்றில் இருந்தது.

இறந்து ஒரு வருசம் ஆனதும் அவருக்காக வைக்கும் வருசத் திருப்பலி முடியும்வரை தாலியறுத்தவள் கிணற்றடிக்கு வரக்கூடாது, அது குடும்ப வழக்கம் என்றார் கொழுந்தனார். தானே தண்ணீர் பாய்ச்சுவதாகச் சொன்னார். பாய்ச்சினார், தன் தோட்டத்துக்கு மட்டும். என் கொடி காய்ந்தால் நான் இரண்டு பெண் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன், தோட்டம் தன் கைக்கு வரும் என்பது அவர் நினைப்பு.

சொந்தங்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். பொறுமையாக இரு, ஜெபம் பண்ணு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பொறுத்தால் கொடி பொறுக்குமா? மண்டியிட்டு அழுதேன். செத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அந்த ஞாயிறு பூசையில் வாசித்தது, நீதி கெட்ட நடுவரிடம் விடாமல் போய்த் தொந்தரவு செய்த விதவையின் கதை. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் எங்கே பொறுமையாக இருந்தாள்? வீட்டுக்கு வந்து சிலுவை முன்னால் நின்றேன்.

"ஆண்டவரே, இந்தக் கதையச் சொன்னதே நீர்தானே. நான் போறேன், கூட வாரும்."

மறுநாளே, காலைப் பூசை முடிந்ததும் மாமனார் வீட்டு வாசலில் நின்று சாவி கேட்டேன். அவர் கோயில் பக்கம் போய் வருசக்கணக்காகிறது. யார் சொல்லும் அவரிடம் எடுபடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். புருசனைப் புதைத்த ஈரம் காயவில்லை, இவளுக்குத் தோட்டம் கேட்கிறது என்று தெருவே பேசியது. பேசட்டும். கொழுந்தனார் வந்து கத்தினார். கத்தட்டும்.

ஒருநாள் மாமனார் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாவியை அவிழ்த்து என் முன்னால் போட்டார்.

"ஏத்தா, ஒரு வாய் காப்பி நிம்மதியாக் குடிக்க விடமாட்டேங்குற. உன் தொந்தரவு தாங்கல. போயித் தண்ணியப் பாய்ச்சு. எவன் வந்து மறிக்கிறான்னு நான் பாக்குறேன்."

அந்த நடுவர் நியாயம் கொடுத்ததும் தொந்தரவு தாங்காமல்தான். துக்கத்தையும் மறந்து அங்கேயே சிரித்துவிட்டேன். மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை.

கிணற்றடியில் கொழுந்தனார் நின்றார்.

"மதினி, வழக்கத்த மீறாதீக."

"வழக்கமா வந்து என் கொடிக்குத் தண்ணி ஊத்தும்?" என்று கேட்டுவிட்டு மோட்டாரைப் போட்டேன்.

பாதிக் கொடி அதற்குள் பட்டுப்போயிருந்தது. மீதி துளிர்த்தது. அந்த மீதியை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். வருசத் திருப்பலியில் பீடத்தின் முன்னால் வைத்ததும் அந்தக் கொடியில் காய்த்த குலைதான். ஆண்டவருக்கு நன்றி.

உங்களையும் யாராவது பொறுமையாக இரு என்று உட்கார வைத்தால், அந்த விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜெபம் பண்ணுங்கள். பண்ணிவிட்டு எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள். ஆண்டவர் உங்களுக்கு முன்னாலேயே அங்கே போய் நிற்பார். மோட்டார் ரூம் சாவி இன்றைக்கும் என் இடுப்பில்தான் இருக்கிறது.