கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு: அம்மா ஆயில் இஞ்சின் ஓட்டிய வெள்ளிக்கிழமை

அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மா ஆவுடையம்மாள். அப்பாவின் தம்பி பேச்சிமுத்து சித்தப்பா. எங்களை வண்டியில் ஏற்றிவந்த சுடலை அண்ணாச்சி. ஆயில் இஞ்சின் வகுப்பு எடுத்த கடையநல்லூர் காதர் சார். பரிசு கொடுக்க வந்த விவசாய அதிகாரி. அம்மாவோடு படித்த ஆண்கள் ஏழு பேர். அதில் புளியங்குடி மாடசாமியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். படம் பிடிக்க ஒருவர். வேடிக்கை பார்க்கக் கூடிய சனம். அப்புறம் பன்னிரண்டு வயதில் நான். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கண்ணால் பார்த்தது எதுவும் எனக்கு மறந்ததில்லை.

சங்கரன்கோவிலுக்கு ஒருநாள் போய்வருவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வழியைச் சொல்கிறேன். நான் முதலில் போன கதையோடு சேர்த்துத்தான் சொல்ல வரும்.

ஐம்பதுகளின் நடுவில், தை அறுப்பு முடிந்த சமயம். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாலு ஏக்கர் கரிசல், ஒரு கிணறு. கமலை இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடுகளில் ஒன்று செத்துப்போக, பயிர் காய்ந்தது. "பொம்பள என்ன செய்வா, நிலத்தை எங்கிட்ட விடுங்க மதினி" என்று சித்தப்பா வந்து வந்து நின்றார். அந்த நேரத்தில்தான் அரசாங்கத்தில் இஞ்சின் ஓட்டவும் பழுது பார்க்கவும் வகுப்பு வைத்தார்கள். வயது வந்த யாரும் சேரலாம். தேறினால் அவரவர் பெயரிலேயே கடனுக்கு இஞ்சின். அம்மா தேறினால் நிலம் எங்களுக்கு. தவறினால் சித்தப்பாவுக்கு என்று பேச்சு.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வகுப்பில் பார்த்த இஞ்சினை வீட்டு முற்றத்தில் கோலப்பொடியால் வரைவாள். இது டேங்கு, இது பம்பு, இது சக்கரம் என்று விரல் வைத்துச் சொல்லிப் படித்தாள். மார்கழி முழுக்க எங்கள் வாசலில் பூக்கோலம் கிடையாது, இஞ்சின் கோலம்தான். தெருவே சிரித்தது.

பரீட்சையும் பரிசும் ஒரே நாள், வெள்ளிக்கிழமை. விடியற்காலை நாலு மணிக்கு வண்டி கட்டினோம். ஏழு மைல். ஆண் துணை வேண்டும் என்று சித்தப்பாவும் ஏறிக்கொண்டார். ஏழு மணிக்கு ஊர் வந்துவிட்டது. சுடலை அண்ணாச்சி கூலி வாங்க மாட்டேன் என்றார். அம்மா ஒரு ரூபாயை மாட்டுக் கழுத்துக் கயிற்றில் முடிந்துவிட்டாள்.

முதலில் கோமதி அம்மன் சன்னதி. இந்தக் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் பூசுவோம், உடம்புக்கு முடியாவிட்டால் குழைத்துத் தடவுவோம். அம்மா ஒரு கை மண்ணை முந்தியில் முடிந்துகொண்டாள்.

ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கிணற்றில்தான் பரீட்சை. இஞ்சினைக் கிளப்பி, கத்திரிப் பாத்தியின் கடைசிச் செடிவரை தண்ணீர் பாய்ச்ச வேண்டும். இஞ்சின் இரண்டு தடவை நின்றால் மன்னிப்பு உண்டு. மூன்றாவது தடவையும் நின்றால் வீட்டுக்குப் போகலாம். சார் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கக் கூடாது.

அம்மா கடைசி ஆள். புது மாடு வாங்கினால்கூடப் பொட்டு வைக்காமல் ஏரில் பூட்ட மாட்டோம். அம்மா புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்தாள். இஞ்சினில் உயரமான இடம் எது என்று பார்த்து, எண்ணெய் டேங்கின் மூடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டாள். ஹேண்டிலைச் சுற்றினாள். இஞ்சின் படபடவென்று பிடித்தது. தண்ணீர் பாதிப் பாத்தி போவதற்குள் இருமி, இருமி நின்றது.

மறுபடி சுற்றினாள். மறுபடி ஓடி, மறுபடி நின்றது.

"மதினி, அது மாடில்ல, வாலை முறுக்கினா ஓடுததுக்கு!" என்றார் சித்தப்பா.

"பொட்டு வச்சீக, பூ வைக்க மறந்துட்டீகளேக்கா!" என்று மாடசாமி கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். காதர் சார் மட்டும் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு டேங்கையே பார்த்தபடி நின்றார்.

அம்மா யாரையும் பார்க்கவில்லை. எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போன சத்தம் எனக்கே கேட்டது. மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அதன் நடுவில் காற்றுப் போக ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. புற்றுமண் அதற்குள் இறங்கி, சூட்டில் காய்ந்து இறுகிக் கிடந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சார், ஒத்த ஓட்டை போட்ட டின்னுல எண்ணெய் எறங்குமா? ரெண்டாவது ஓட்டையை நான்லா அடைச்சு வச்சிருக்கேன்!"

சார் துண்டை எடுத்தார். "நான் வாயத் தொறக்கக் கூடாதுல்லா தாயி. அல்லா, எனக்கு இப்பதான் மூச்சு வருது."

ரவிக்கையில் இருந்த ஊக்கைக் கழற்றித் துளையைக் குத்தி விட்டாள். மீதி மண்ணை வழித்து டேங்கின் பக்கவாட்டில் அப்பினாள். "நீ அங்கன இரு தாயே, இங்கன காத்துப் போவட்டும்" என்று அம்மனிடம் சொல்லிவிட்டு, மூன்றாவது முறையாக ஹேண்டிலைப் பிடித்தாள்.

அந்தச் சத்தம் இன்னும் என் நெஞ்சுக்குள் இருக்கிறது. கால் வைத்திருந்த தரை அதிர்ந்தது. கிணற்றுக்குள் கிடந்த தண்ணீர் குழாய் வழியே யானைத் தும்பிக்கை கனத்தில் வந்து விழுந்தது. இரண்டு மாடு காலை முழுக்க நடந்து நனைக்கிற பாத்தி, வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்தில் நிறைந்தது. கடைசிச் செடியும் தண்ணீரில் ஆடியது. எனக்கு அவள் என் அம்மா மாதிரியே தெரியவில்லை. கிட்டப் போகப் பயமாக இருந்தது. மாடசாமிதான் முதலில் கையெடுத்துக் கும்பிட்டார். "எக்கா, என் இஞ்சினுக்கும் நீயே வந்து பொட்டு வச்சிரு."

தானே வைத்த பழுதைத் தானே கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தான் என்று சொல்லி, முதல் பரிசுக்கு அம்மா பெயரை அதிகாரி கூப்பிட்டார். அம்மா கையில் இருந்த எண்ணெயைச் சேலையில் துடைப்பதற்குள், பக்கத்தில் போட்டிருந்த மேடையில் சித்தப்பா ஏறி நின்றார். "நான் அவுக கொழுந்தன். வீட்டு ஆம்பள." மாலை அவர் கழுத்தில் விழுந்துவிட்டது. சர்டிபிகேட்டுக்கும் கையை நீட்டினார்.

அம்மா கீழே நின்றபடியே சொன்னாள்: "மாலை அவருக்கே இருக்கட்டும் சார். காயிதத்தை எங்கிட்ட தாங்க. நாளைக்கு இஞ்சின் நின்னா மாலையா ஓட்டும்?"

அதிகாரி சிரித்துக்கொண்டே இறங்கி வந்து அம்மா கையில் கொடுத்தார். காகிதத்தில் அவள் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது. நிலம் பிழைத்தது. சித்திரைக்குள் அவள் பெயரில் இஞ்சின் வந்தது. மறுவருஷம் சித்தப்பாவும் இஞ்சின் வாங்கினார். அது நின்றபோது, "மதினி, அன்னைக்கு நான் மேடையேறினது தப்பு, வந்து பாருங்க" என்று வாசலில் வந்து நின்றார். அம்மா போனாள். நானும் அவரை மன்னித்து விட்டுவிட்டேன்.

இப்போது போகிறவர்களுக்கு: கரிவலத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம், திருநெல்வேலியிலிருந்து ஒன்றரை மணி நேரம். வெள்ளிக்கிழமை கூட்டம், காலை ஏழுக்கு முன் போய்விடுங்கள். ஆடித் தபசுத் திருவிழாவுக்குத் தங்க இடம் கிடைக்காது. ஊரில் பேர்போன பிரியாணி வேண்டுமானால் மதியம் ஒரு மணிக்குள் சாப்பிடுங்கள். புற்றுமண் வாங்கி வண்டிக்கோ மோட்டாருக்கோ வைப்பவர்கள், எங்கே துளை இருக்கிறது என்று பார்த்துவிட்டு வையுங்கள். சாமி கோபிக்காது.

கடைசியாக ஒன்று. அன்றைக்குப் பரிசு வாங்கியதும், படம் எடுக்க நின்ற வரிசையில் காகிதத்தோடு அம்மாவும் போய் நின்றாள். கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மாலை போட்ட அண்ணாச்சி மேல நிழல் விழுது" என்றான் படம் பிடித்தவன். அம்மா தள்ளி நின்றாள். படத்தில் அவள் முழங்கை மட்டும் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் அவளை யாரும் படம் எடுக்கவில்லை. அவள் முகம் எப்படி இருந்தது என்று என் பேரப்பிள்ளைகள் கேட்டால் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. சித்தப்பாவை விட்டுவிட்டேன், அந்தப் படம் பிடித்தவனை விடவில்லை. அவன் பெயர் நவநீதன்.