காற்றின் பக்கம் பார்த்தவர்

முனிரத்தினம் காலமான செய்தி ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில், மீன்கடை வரிசையில் நிற்கும்போது எனக்குக் கிடைத்தது. அவருடைய மைத்துனர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “இன்னாண்ணே, உனக்குச் சேதி வரலியா? விடியக்காலைல மாமா பூட்டாரு.” மீன் வாங்காமலே பையை மடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

பாலகாட் பக்கத்துத் தங்கச் சுரங்கத்தில் அவர் டீசல் இஞ்சின் ஃபோர்மேன். ஆட்கள் சுரங்கத்துக்குள் போய்வரும் கூண்டுதான் கேஜ்; அதைக் கம்பிவடத்தில் ஏற்றி இறக்கும் வைண்டரின் டிரைவர் நான். மின்சாரம் நின்றால் அவருடைய இஞ்சின் ஓடும். அது தரும் மின்சாரத்தில் என் வைண்டர் சுழலும். அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவருடைய கோபம் தெரியும், சிரிப்பு தெரியும். அவருடைய வேலையை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் அதை நான் சொல்லியாக வேண்டும்.

அந்த இஞ்சின் எண்ணெயைக் கக்கிக்கொண்டே இருந்தது. எண்ணெய் கசியாமல் அடைக்கும் ‘சீல்’ வளையத்தை மாற்றினார்கள், சில வாரம் சும்மா இருந்து மறுபடி ஒழுகியது. ஒருநாள் முனிரத்தினம் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளையில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். வளைந்த குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர். இஞ்சின் ஓட ஓட அந்தத் தண்ணீர் ஒரு பக்கமாக மேலே ஏறியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரும்புப் பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த அழுத்தத்தை அவர் வெளியே கொண்டுவந்து காட்டிவிட்டார்.

“எண்ணெய் ஒழுகினா எண்ணெயப் பாக்காத, காத்தப் பாரு” என்றார். புகைபோக்கியில் போகும் புகையின் வேகத்தில் சுழன்று, இஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளுவது டர்போ. அதன் சீல் தேய்ந்து, அந்தக் காற்று எண்ணெய் இருக்கும் அடிப்பெட்டிக்குள் கசிந்து, எண்ணெயை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அடிப்பெட்டியின் காற்று வெளியேறும் மூச்சுக்குழாயில் அடைந்திருந்த கசடை அவர் சுத்தம் செய்தும் அழுத்தம் முழுக்கத் தணியவில்லை. எஞ்சினியரும் பார்த்து ஒப்புக்கொண்டு, புது டர்போவுக்கு எழுதிப்போட்டார். அது வரும்வரை அவசரத்துக்கு மட்டும் இஞ்சினை ஓட்டுவது என்று முடிவாயிற்று.

டர்போ வருவதற்குள் அவசரம் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் அடித்த புயல்மழையில் மின்சாரம் போயிற்று. சுரங்கத்துக்குள் காற்றைத் தள்ளும் காற்றாடிகள் நின்றன. அந்த ஆழத்தில் பாறையே கொதிக்கும். காற்று வராவிட்டால் ஆட்கள் சுருண்டு விழுவார்கள். ஒரு ஷிப்ட் ஆட்கள் முழுக்கக் கீழே இருந்தார்கள்.

இஞ்சினைக் கிளப்பிவிட்டு டெலிபோனில் முனிரத்தினம் பேசினார். “ஆறுமுகம், கேஜை ரொப்பாத. பாதி ஆளா ஏத்து, மெதுவா இழு. பாரம் ஏறினா டர்போ வேகமாச் சுத்தும், உள்ள காத்து ரொம்பும், எண்ணெய் எல்லாம் பூடும்.”

“கீழ ஆளுங்க தவிச்சிக்கினு கீறாங்கப்பா!”

“தெரியும். வேகமா இழுத்தா நடுவுல நின்னுடும். நான் எண்ணெய் ஊத்திக்கினே இருக்கேன். நீ இழு.”

இழுத்தேன். வைண்டர் அறைச் சன்னல் வழியே இஞ்சின் கொட்டகை தெரிந்தது. மூச்சுக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை தடித்துக்கொண்டே போனது. ஒழுகிய எண்ணெயில் வழுக்கி வழுக்கி, அவரும் அவருடைய ஆட்களும் வாளி வாளியாக ஊற்றினார்கள். ஒவ்வொரு முறை கேஜ் மேலே வந்ததும் அவர் கையை உயர்த்தினார். நான் மறுபடி இறக்கினேன். கடைசி ஆள் வெளியே வந்தபின்தான் இஞ்சினை நிறுத்தினார்.

நான் ஓடிப்போனபோது எஞ்சினியர் ஸ்பானரோடு குனிந்துகொண்டிருந்தார், பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்க்க. முனிரத்தினம் ஒரு காலி டிரம்மை இழுத்துப்போட்டு, அந்த மூடிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“சார், இப்போ வேணாம். உள்ள எண்ணெய் ஆவி ரொம்பிக் கீது. பேரிங் எதுனா சூட்டுல பழுத்திருந்தா, காத்து பூந்ததும் வெடிச்சிடும். ஆறட்டும். எல்லாரும் வெளிய போங்க.”

எஞ்சினியர் அவர் முகத்தைப் பார்த்தார். ஸ்பானரைக் கீழே வைத்தார். எல்லோரும் மழையில் நின்றோம். யாரும் அவசரப்பட்டுத் திறந்துவிடக்கூடாதென்று அவர் மட்டும் உள்ளே இருந்தார். நன்றாக ஆறியபின் திறந்தபோது, ஒரு பேரிங் கருகி உருகிப்போயிருந்தது. எஞ்சினியர் முனிரத்தினத்தின் தோளில் கை வைத்தார்.

அந்த ஷிப்டில் மேலே வந்தவர்களில் சிலர்தான் நேற்று பாடையைத் தூக்கினார்கள். புத்த முறைப்படி பஞ்சசீலம் சொல்லி முடித்து மண் போட்டபின் யாரும் கலையவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சு அந்த நாளுக்குப் போனது. “எப்பிடிப்பா அவ்ளோ தைரியமா குந்திக்கினு இருந்தே?” என்று கேட்டேன்.

மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். “தைரியமா? காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சுப்பா. நிக்க முடியல, அதான் குந்திக்கினேன்.”

இத்தனை காலம் அவரைப் பயமறியாதவர் என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து அவர் எனக்கு இன்னும் உயரமாகிவிட்டார். நடுங்கும் கால்களோடு அந்த மூடிக்கு முன்னால் இருந்துகொண்டு எங்களை மழைக்கு அனுப்பினாரே, அந்த முனிரத்தினத்தை நான் நெஞ்சில் வைத்துக்கொள்கிறேன்.