ஆடாத படம்

எனக்கு அசையாமல் நிற்கத் தெரியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயமாக இருந்தது. நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். அப்பா எடுக்கிற படங்களில் என் முகம் கலங்கிப்போய் மூக்கு இரண்டாகத் தெரியும். கழுவிய படங்களை லேபிலிருந்து வாங்கிவந்து கவரைப் பிரித்ததும் அப்பா பெருமூச்சு விடுவார். "மறுபடியும் ஆடிட்டயா அம்முணி?" என்பார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் நின்றிருப்பேன். எனக்கே தெரியாமல் என் உடம்பு ஆடுகிறது என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நாங்கள் அப்போது புனேயில் தாபோடியில் இருந்தோம். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்கு ராணுவ இலாகாவில் வரைபடம் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு என்னை முன்னால் நிறுத்தி ஆற்றங்கரைக்குப் போவார். பழைய ஃபிலிம் கேமராவில் கொக்கு, எருமை, பாலம், நான் என்று வரிசையாக எடுப்பார். முடிந்ததும் ஆளுக்கொரு வடாபாவ். வாரத்தில் அப்பா எனக்கு மட்டும் சொந்தமாக இருந்த நேரம் அதுதான். அக்காவுக்குப் படிப்பு இருந்தது, அம்மாவுக்குச் சமையல் இருந்தது.

அந்த வருடம் ஒரு படமும் உருப்படியாக வரவில்லை. அப்பா முதலில் ஃபிலிமைக் குறை சொன்னார், பிறகு லேபை, பிறகு கேமராவின் வயதை. நடுநடுவே என்னை. ஒருநாள் கவரைப் பிரிக்காமலே அலமாரியில் போட்டுவிட்டு, "இந்தப் படம் புடிக்கற வேலையையே உட்டுப்போடலாம்னு இருக்குது" என்றார். என்னால்தான் ஞாயிற்றுக்கிழமை போகப்போகிறது என்று தீர்மானம் செய்துகொண்டேன். அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று அசையாமல் இருக்கப் பழகினேன். அக்கா பார்த்துவிட்டு, பேய் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள்.

மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த மாமாதான் டிஜிட்டல் கேமரா வாங்கலாம் என்று வழி காட்டினார். அம்மாவின் தம்பி. எதை வாங்குவதானாலும் இன்டர்நெட்டில் படித்துவிட்டு வந்து பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி ஒப்பிப்பார். கடைசியில் இரண்டு கேமராக்கள் மிஞ்சின. ஒன்று சட்டைப்பையில் போடுகிற சின்னது, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு. இன்னொன்று கைக்கு அடங்காத பெரியது, கழுத்தில் மாட்டிக்கொள்வது, விலையும் அதற்கேற்றது.

"ரெண்டுலயும் அதே மெகாபிக்சல்தான் மச்சான். பெருசுக்கு எதுக்குக் கொட்டிக் குடுக்கோணும்?" என்றார் மாமா. மெகாபிக்சல் என்றால் என்ன என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அதனால் அவர் சொன்னதை உடனே நம்பினோம். அப்பாவும் சின்னது போதும் என்றார். பெரியது என்றால் தீபாவளிக்குப் பிறகுதான் யோசிக்க வேண்டும் என்றார். எனக்குப் பதறியது. எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் தள்ளிப்போட்ட எதுவும் எந்தத் தீபாவளிக்கும் வந்ததில்லை.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேமராவைத் தன் கையால் தொட்டதுகூட இல்லாதவள். தலையைத் தூக்காமல் மாமாவிடம் கேட்டாள்: "கை ஆடுனாலும் படம் ஆடாம வரும்னு என்னமோ சொன்னியேடா, அது சின்னதுல இருக்குதா?"

"அது பெருசுல மட்டுந்தான்க்கா. தூரத்துப் பறவையெல்லாம் எடுக்கறவங்களுக்கு. நமக்கெதுக்கு?"

"அப்படின்னா பெருசே வாங்கலாம்" என்றாள் அம்மா.

பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துப் பத்திரப்படுத்துகிற அம்மா பேசுகிற பேச்சா இது! அப்பா அம்மாவைப் பார்த்தார். கோபமாகப் பார்த்ததாக எனக்குப் பட்டது. அன்று இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அம்மாவின் பிடிவாதத்தால் காரியம் கெடப்போகிறது என்று எனக்கு அம்மாமேல் ஒரே ஆத்திரம்.

அம்மா அந்த நாட்களில் வேறு சில விசித்திரங்களும் செய்துகொண்டிருந்தாள். அப்பாவுக்கு மட்டும் காபியை அரை டம்ளராக ஊற்றிக் கொடுப்பாள், குடித்ததும் இன்னொரு அரை டம்ளர். சூடு ஆறாமல் இருக்கத்தான் என்றாள். எனக்கும் அப்படியே வேண்டும் என்று அடம்பிடித்தேன். அப்பாவின் ஆபீசில் வரைபலகையை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தபோது அவருடைய சிநேகிதர்களெல்லாம் புலம்பினார்கள். அம்மா மட்டும் சாமிக்குத் தேங்காய் உடைத்தாள்.

எதை வாங்குவது என்று முடிவாகாமலே ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டோம். கடையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அப்பாவுக்கு அன்று விடுமுறை, எனக்கும் பள்ளிக்கூடம் இல்லை. புதுச் சாமான் வெள்ளிக்கிழமை வாங்கினால் நல்லது என்பது அம்மாவின் கணக்கு. ஆனால் வெள்ளிக்கிழமை ராகு காலம் பன்னிரண்டு மணி வரைக்கும் இருக்கிறது. லட்சுமி ரோட்டுக் கடைக்காரர்களோ ஒரு மணி அடித்தால் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடவும் தூங்கவும் போய்விடுவார்கள். ஆண்டவனே வந்தாலும் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஊரிலிருந்து வந்த நாள்காட்டிக்கும் புனேக்காரர்களின் மத்தியானத் தூக்கத்துக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைத்தது.

கடைக்கு எதிரிலேயே கரும்புச்சாறு குடித்துக்கொண்டு நின்றோம். கடை திறந்துதான் இருந்தது, ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். அப்பா தன் டம்ளரில் பாதியை எனக்கு ஊற்றினார். "ஏம்புள்ள, இப்பவாச்சும் போலாமா?" என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் கரும்புச்சாறு இறங்கவில்லை. கேமரா தீர்ந்துவிட்டால்? கடைக்காரருக்கு இன்று சீக்கிரம் பசித்துவிட்டால்?

ஒருவழியாக உள்ளே போனோம். விற்பனையைக் கவனித்த பையன் இரண்டையும் எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா சின்னதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இதுவே போதும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அம்மா வாயைத் திறப்பதற்குள் அந்தப் பையன், ஒரு படம் எடுத்துத்தான் பாருங்களேன் என்று இந்தியில் சொன்னான்.

அப்பா என்னை நிறுத்தினார். பின்னால் ஆல்பங்கள் அடுக்கிய கண்ணாடி பீரோ. "ஆடாம நில்லு கண்ணு." நான் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்தேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. என் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அந்த ஒரு நொடியில்தான் இருந்தது.

படம் கேமராவின் பின்பக்கம் வந்தது. கலங்கியிருந்தது.

"ஆடிட்ட" என்றார் அப்பா. இன்னொன்று எடுத்தார். அதுவும் அப்படியே. எனக்கு அழுகை வந்துவிட்டது. "இல்லப்பா, ஆடலப்பா" என்று தேம்பினேன்.

அம்மா அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அவ ஆடலைங்க" என்றாள், மெதுவாக. "பின்னாடி இருக்கற பீரோவுந்தான் ஆடியிருக்குது."

அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படங்களில் எனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் அதுவரை பார்த்ததே இல்லை. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. பீரோ எப்படி ஆடும் என்று திரும்பிப் பார்த்தேன். அது அசையாமல்தான் நின்றது.

அம்மா பெரிய கேமராவை எடுத்து அப்பா கையில் வைத்தாள். வைத்த பிறகும் ஒரு நிமிடம் தன் கையை எடுக்கவில்லை. அப்பா எடுத்தார். அந்தப் படத்தில் என் கன்னத்தில் வழிந்த கண்ணீர்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது. நான் குதித்தேன். பையன் கைதட்டினான். அப்பா சிரித்தார், ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அப்பாவின் கைக்கு வந்திருந்ததற்கு டாக்டர் ஒரு பெயர் சொன்னதெல்லாம் பின்னால், நான் பத்தாவது படிக்கும்போது. அன்று கடையில் அதைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் இரண்டே பேர். அவர்களும் அதுவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை என்று நினைக்கிறேன்.

பில் போட்டு முடித்ததும் அப்பா வெளியே நடைபாதைக்குப் போய், எதிர்க் கட்டடத்தில் உட்கார்ந்திருந்த புறாக்களைக் குறி பார்க்க ஆரம்பித்தார். முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கியாகிவிட்டது. அம்மா மட்டும் நகரவில்லை. அம்மாவின் இந்தி காய்கறிக் கடையைத் தாண்டிப் போனதில்லை. அதை வைத்துக்கொண்டு அந்தப் பையனிடம் கேட்டாள்: "ஹாத் ஜாஸ்தி ஹிலேகா தோ பீ சலேகா?" கை இன்னும் அதிகமாக ஆடினாலும் இது வேலை செய்யுமா என்று.

கொஞ்சம்வரை சமாளிக்கும் ஆன்ட்டி, ரொம்ப ஆடினால் முடியாது, அதற்கு ஸ்டாண்டு இருக்கிறது என்று சொல்லி, மூன்று கால் வைத்த ஒன்றைக் காட்டினான் அவன். அம்மா அதை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். கால்களை விரித்து, அழுத்தி, உறுதியாக நிற்கிறதா என்று பார்த்தாள்.

ஒரு கேமராவுக்கே இத்தனை நாள் இழுத்துவிட்டு இப்போது இது வேறா என்று எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே அப்பா என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "அப்பாவுக்கு இதெல்லாம் புடிக்காதும்மா, வேண்டாம்" என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"ஆமா கண்ணு, இப்ப வேண்டாம்" என்றாள் அம்மா. எனக்கு அது போதுமாக இருந்தது. குனிந்து ஷட்டருக்கு அடியில் நுழைந்து அப்பாவிடம் ஓடினேன்.