தலைவர் காப்பாற்றிய கதை

ராஜாமணி அக்கா இறந்த செய்தி எனக்கு நாகலூரில் வந்தது. கடைக்கு மிளகு வாங்கப் போயிருந்தேன். பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது எங்கள் லாட்ஜ்காரர்கள், கடைக்காரர்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. எங்கள் தலைவர் கந்தவேலு கைகூப்பி நிற்கும் படம். ஒரு கணம் அவர்தான் போய்விட்டாரோ என்று நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், வருத்தம் வரவில்லை. பிறகுதான் ஓரத்தில், தபால்தலை அளவில், அக்காவின் முகம் தெரிந்தது. மிளகு மூட்டையின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். அதில் பாதி துக்கம், பாதி ஆத்திரம்.

அக்காவை உங்களுக்கெல்லாம் தெரியும். தலைச்சோலையில் பிறந்தவர். ஏரிக்கரை லாட்ஜின் வரவேற்பு மேசையில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்தவர். எந்த ஊர்க்காரர் வந்து இறங்கினாலும் அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசிவிடுவார். எதிர்ப்புறம் மசாலாவும் காப்பித்தூளும் விற்கிற கடை என்னுடையது. அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லி தலைவர் வந்தார். "அக்காவப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க அம்மணி. அந்தக் கோட்டையில நான் காப்பாத்துன கதையும் வரட்டும்" என்றார். எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பது முறை. உயிரோடு இருப்பவரைப் பற்றி அப்படி ஒரு முறை இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஏற்காட்டில் எங்களுக்கு வேலை குறைவு. அப்படி ஒரு வருடம் லாட்ஜ்காரர்களும் கடைக்காரர்களுமாகச் சேர்ந்து கொங்கணக் கடற்கரைக்கு டூர் போனோம். அங்கே கடலுக்கு நடுவே ஒரு தீவுக் கோட்டை. அதன் பெயர் இன்றுவரை தலைவர் வாயில் நுழைந்ததில்லை; நானும் சொல்லாமல் விடுகிறேன். பாய் கட்டிய சின்னப் படகில்தான் போக வேண்டும். "நம்ம ஏரியில பாக்காத தண்ணியா?" என்றபடி தலைவர் முதலில் ஏறினார். முதல் அலைக்கே என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அக்கா படகின் விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீருக்குள்ளிருந்து நேராக எழும்பி நின்ற அந்தக் கறுத்த மதிலையே பார்த்துக்கொண்டு வந்தார். "இத்தன காலமா கடலு அடிச்சிட்டே இருக்குது, உட்டுக் குடுத்துச்சா பாரு கண்ணு" என்றார். அவருக்கு அந்தக் கோட்டையை நொம்பப் பிடித்துப்போனது.

உள்ளே பீரங்கிகள், இடிந்த மாளிகை, உப்புக் கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர்க் குளம். அந்தக் குளத்துப் படியில் பாசி வழுக்கி என் கணுக்கால் பிசகிவிட்டது. எல்லோரும் படகுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். மருந்துக்கடை சரோஜாவை முன்னால் ஓடவிட்டு, படகைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொன்னார் அக்கா. என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடத்தினார். படகுத்துறைக்கு மேலே கோட்டை வாசலை எட்டியபோது படகு கீழே ஆடிக்கொண்டிருந்தது. அக்கா துண்டை வீசிக் கூப்பிட்டார். தலைவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு கையை ஆட்டினார், எங்களுக்கு இல்லை, படகுக்காரருக்கு, கிளம்பச் சொல்லி. போன் போட்டோம். மணி அடித்தது, கட் செய்தார்.

அதற்குப் பிறகு படகு எதுவும் வரவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் எனக்கு உதறல் எடுத்துவிட்டது. அக்காவுக்கும் பயம்தான். ஆனால் உட்காரவில்லை. மதிலைச் சுற்றிப் போய், கோட்டையின் பின்பக்கம் வலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு மீன்காரரைக் கண்டுபிடித்து, தொண்டை கட்டும்வரை கத்தி வரவழைத்தார். அந்த மனிதரின் தோணி மூன்று பேருக்கானது அல்ல. ஒவ்வொரு அலைக்கும் தண்ணீர் உள்ளே வந்தது. அக்கா ஒரு தகர டப்பாவால் மொண்டு மொண்டு ஊற்றினார். நான் ஏதோ சாமி பெயரைச் சொல்லி அழுதேன். "அழுவாத கண்ணு. நாம சாவக் கூடாது. செத்துட்டா அந்த ஆளு தப்பிச்சுக்குவான்" என்றார். உயிர்மேல் ஆசை வருவதற்கு அதைவிட நல்ல காரணத்தை எனக்கு யாரும் சொன்னதில்லை.

கரையில் தலைவர் டீக்கடையில் பன் தின்றுகொண்டிருந்தார். "அட, வந்துட்டீங்களா! இப்பத்தான் படகு அனுப்பலாம்னு இருந்தனுங்க" என்றார். பாய்ப்படகுக்காரர் அங்கேயே நின்றிருந்தார். அக்கா தன் வரவேற்பு மேசை இந்தியில் அவரிடம் விசாரித்தார். இதுதான் கடைசிப் படகு என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாராம் அவர். அதற்கு உங்கள் பெரிய மனிதர், "எல்லாரும் வந்தாச்சு, எடு" என்றாராம். சரோஜாவும் பிற்பாடு அதையேதான் சொன்னாள்; நிறுத்தச் சொன்ன அவள் பேச்சை அவர் காதிலேயே வாங்கவில்லையாம். அலையைப் பார்த்து மிரண்டுபோன தலைவருக்குத் தன் காலைக் கரையில் வைத்தால் போதும் என்று இருந்திருக்கிறது.

பயந்தவரை மன்னிக்கலாம். ஆனால் நாங்கள் மலை ஏறுவதற்குள் கதை மாறிவிட்டது. வேனில் வரும்போதே நாங்கள் செல்பி எடுக்கப் போய்த் தொலைந்தவர்கள் ஆனோம். தோணியை அனுப்பியவர் அவர் ஆனார். கோடைத் திருவிழாவுக்குள் அந்தத் தோணியில் அவரே வந்துவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நீந்தியே வந்திருப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. அக்கா தன் மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், அந்த மகன் முன்னாலேயே, "கோட்டையில தொலஞ்சு போனது நீங்கதானுங்களா?" என்று கேட்டார்கள். ஒரு விருந்தாளியின் சாவியைக்கூடத் தொலைக்காத மனுஷி. அன்று ஊட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் தலைவரிடம் போய், "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. சங்கத்துல எந்திரிச்சு, நாந்தான் உட்டுட்டு வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று கேட்டார். அவர் சிரித்துத் தோளைக் குலுக்கினார். அன்றிலிருந்துதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்.

சேர்வராயன் கோயில் திருவிழாவில், குகையிலிருந்து தலைவர் பரிவாரத்தோடு குனிந்து வெளியே வருவார். வாசலில் அக்கா நிற்பார். "ஏனுங்க தலைவரே, எல்லாரும் வந்தாச்சுங்களா?" குரலில் மரியாதைக்குக் குறைவே இருக்காது. தலைவர் மகள் கல்யாணத்தில், முதல் பந்தி உட்கார்ந்ததும், சம்பந்தி பக்கத்தில் நிற்கும்போது கேட்டார். சங்கத்து வேன் எங்கே கிளம்பினாலும் படிக்கட்டில் நின்று கேட்டார். நாளடைவில் தலைவருக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. அக்கா வாயைத் திறந்தாலே விரலை நீட்டித் தலைகளை எண்ணத் தொடங்கிவிடுவார்.

"விட்ருங்க அக்கா, போதும்" என்று நானே ஒருமுறை சொன்னேன். அக்கா கோபப்படவில்லை. "கேட்டாத்தான கண்ணு மன்னிக்க முடியும்? கேக்காத ஆளுக்கு நான் எதைத் தூக்கிக் குடுக்கறது?" என்றார்.

தலைச்சோலையில் அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். தலைவர் முன்னால் வந்து, வாசலில் வைத்திருந்த தண்ணீரில் கால் கழுவக் குனிந்தார். என் வாயில் அது தானாக வந்தது என்று சொல்ல மாட்டேன். காலையிலிருந்தே யோசித்து வைத்திருந்தேன். "ஏனுங்க தலைவரே, எல்லாரும் வந்தாச்சுங்களா?" என்றேன். அவர் சட்டென்று திரும்பி, விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். சில தலைகளை எண்ணிய பிறகுதான், வழக்கமாகக் கேட்கிறவர் எங்கே என்பது அவருக்கு உறைத்தது. நீட்டிய விரல் அப்படியே நின்றது. அவரைச் சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை.

இந்த மலரை அவர்தான் வெளியிடப் போகிறார். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் படித்துப் பாருங்கள் என்று நீட்டினேன். தலைப்பைப் படித்தார், முகம் மலர்ந்துவிட்டது. "இது போதுமுங்க அம்மணி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே நீங்கள் இதைப் படிக்கும்போது மண்டபத்தில் இருப்பீர்கள், அவர் மேடையில் இருப்பார். ஒரு நிமிடம் தலையை நிமிர்த்தி அவரைப் பாருங்கள், அன்று அவர் எங்களைப் பார்த்ததுபோல.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான். விழா முடிந்து வேன் கிளம்பும்போது படிக்கட்டில் நின்று கேட்பேன். அடுத்த திருவிழாவில் குகை வாசலில் நின்று கேட்பேன். அவர் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. அதைச் சொல்கிறவரை நான் சாகக்கூடாது. செத்துவிட்டால் அந்த ஆள் தப்பித்துக்கொள்வார்.